மனைக்கல் நடும் முன்னால் வாய்க்காலைப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உங்கள் பக்கத்து வயல்களில் மனைக்கல் நட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை, ஏனென்றால் இங்கே அது நடந்து மூன்று வருடமாகிறது, அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் போவது மரம் என்று நினைப்போம். இல்லை, வாய்க்கால்தான். மனை போட்டவர் தன் இடத்தை மட்டும் மூன்றடி மண் கொட்டி மேடாக்கினார், குறுக்கே போன வாய்க்காலில் ஒரு சின்னக் குழாயைப் பதித்து மேலே பாதை போட்டுவிட்டார். போன மழைக்கு மறுநாள் அந்தக் குழாயின் வாயருகே குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் பை, சிமெண்டு மூட்டையின் கிழிசல், ஒரு ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் சேற்று மண் இறுகப் பிடித்திருந்தது. இந்தப் பக்கம் கதிர் வந்த பயிர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது, அந்தப் பக்கம் வாய்க்காலில் கணுக்கால்கூட நனையவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? வயல் ஒரு அலுவலகத்தின் கணக்கில், மனை இன்னொன்றின் கணக்கில், தண்ணீர் மட்டும் இரண்டிலும் ஓடுகிறது.

வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை, ஜனங்களுக்கு இடம் வேண்டும். ஆனால் ஊரின் விளிம்பைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தைப் பார், நகரத்தின் கழிவுநீர் கால்வாய்களில் வந்து ஆழமில்லாத குளங்களில் தேங்குகிறது, வெயிலும் பாசியும் அதைத் தெளிய வைக்கின்றன, அதிலேயே மீன் வளர்கிறது, அப்புறம் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. அந்த ஈரநிலம் சுமார் 12,500 ஹெக்டேர், 2002-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே மீன் வளர்க்கிறவர்கள் தலைமுறையாகச் செய்துவந்த இந்த வேலையின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 1997-இல் ஒரு உடன்படிக்கை போட்டு, தனக்குக் குடிநீர் வரும் மலைப்பக்கத்து விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, சாணமும் உரமும் ஓடையில் கலக்காமல் பார்த்துக்கொண்டது, பெரிய வடிகட்டும் நிலையம் கட்டுவதைவிட அது மலிவு. இரண்டு இடத்திலும் விளிம்பில் இருக்கிறவர்களின் உழைப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே பழைய விவசாயிகள் இருக்கும்போதே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலோடு நட, எங்கே திரும்புகிறது, எங்கே மதகு, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தங்கும் என்று ஒரு தாளில் வரைந்து வை. ரோடு போட்ட பிறகு அதை யாராலும் காட்ட முடியாது, இங்கே நான் கேட்கப் போனபோது அந்த இடம் தெரிந்த ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருந்தார். வரைந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு, அடுத்த மாதம் வரும்போது சேர்ந்து இன்னொரு தடவை நடந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்