சோலார் பனலை மத்தியானத்தில் கழுவாதீர்கள்

ஆசிரியருக்கு,

சோளகம் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கினால் வன்னியில் கிரவல் வீதியோரத்து வீடுகளின் சோலார் பனல்கள் சிவந்துபோகின்றன. அறுவடை நாட்களில் பதரும் வைக்கோல் தூசியும் சேரும். யூனிற் குறைந்துவிட்டதென்று மத்தியானத்தில் மோட்டரைப் போட்டுக் கூரைக்கு ஹோஸ் பிடிப்பவர்கள் பலர். தூசியைவிட இந்தக் கழுவல்தான் பனலுக்குக் கூடுதல் கெடுதல்.

உச்சி வெயிலில் பனல் 60 பாகை செல்சியசைத் தாண்டும். அதில் கிணற்றுக் குளிர் பட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். வெடிக்காவிட்டாலும் தண்ணீர் உடனே காய்ந்து, கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு பனலிலும் படியும். தூசியில் பெரும்பகுதி அடுத்த மழையோடு போய்விடும், இந்த வெள்ளைப் படலம் போகாது. ஆகவே விடியற்காலையில் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரில் தொடங்கினாலும் கடைசி அலசலுக்குப் பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் வேண்டும், அல்லது உப்பு நீக்கும் ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர். அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. ஒரு பனலைக் கழுவ 4, 5 லீற்றர் தண்ணீர் போதும்.

கழுவுமுன் மின்னை நிறுத்துங்கள்: முதலில் இன்வேட்டரின் (பனலின் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் பெட்டி) ஏசி சுவிச், பிறகு பனலிலிருந்து வரும் மின்னைத் துண்டிக்கும் டிசி ஐசொலேற்றர். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. இரண்டையும் நிறுத்தினாலும் வெளிச்சம் உள்ளவரை பனல் வயரில் மின் இருக்கும். 10 பனல் தொடராக இணைந்திருந்தால் அது 400 வோல்ற் அளவு. உடைந்த பனலையும் தோல் உரிந்த வயரையும் நனைக்கவே வேண்டாம்.

நன்றாக நனைத்துச் சில நிமிடம் ஊறவிட்டு, நீளத் தடியில் கட்டிய மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே இழுங்கள். காய்ந்த மணலைத் தேய்த்தால் கண்ணாடி கீறும். சவர்க்காரத் தூள் பசையை விட்டுப்போகும், அடுத்த தூசி அதில் ஒட்டும். காக்கை எச்சத்தைக் கத்தியால் சுரண்டாமல் ஈரத் துணியைப் போட்டு 15 நிமிடம் விடுங்கள். அது சிறிய மறைப்புத்தானே என்று விட்டுவிடவும் கூடாது. பனலில் மின்னை உண்டாக்கும் சிறு கட்டங்கள்தான் செல்கள்; மறைந்த செல் சூடேறிக் கருகும். சுண்ணாம்புக் கறைக்கு 1 பங்கு வினாகிரிக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே அலசிவிடுங்கள்.

பலர் பார்க்காத இடம் கீழ் விளிம்பு. சீற்றுக் கூரைகளில் சாய்வு குறைவு. வழிந்து வருகிற சேறு அலுமினியச் சட்டத்தின் மேட்டில் தங்கி, விரலகலக் கோடாக இறுகிவிடும். பனலின் செல்கள் தொடராக இணைந்தவை, மூன்று பிரிவாகப் பிரிந்தவை; ஒரு செல் மறைந்தால் அதன் பிரிவு முழுவதும் மந்தமாகும். பனலை நெடுக்காக (நீளப் பக்கம் மேல்கீழாக)ப் பூட்டியிருந்தால் கீழ் வரிசையில் மூன்று பிரிவின் செல்களும் இருக்கும். அந்தக் கோடு மூன்றையும் ஒன்றாக நெரிக்கும். மேலே கண்ணாடி பளபளத்தாலும், கோடு செல்களை மறைக்கும் அளவுக்குப் பழைய வகைப் பனலின் முழு உற்பத்தியும் குறையும். செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த புதிய வகையில் கீழ்ப்பாதியின் உற்பத்தி மட்டும் குறையும். மாரியில் மழை கழுவிவிடும் என்பவர்கள் இந்த விளிம்பையாவது ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரை வழியவைக்கும் சிறிய பிளாஸ்டிக் கிளிப்புகளை அங்கே மாட்டலாம்.

மாதக் கணக்கு வைத்துக் கழுவத் தேவையில்லை. தெளிந்த வெயில் நாளில் 1 கிலோவாற் பனலுக்கு 4 யூனிற் அளவில் கிடைக்க வேண்டும். முகில் இல்லாத நாட்களின் கணக்கைக் குறித்துவைத்து, பத்திலொரு பங்கு குறைந்தால் கழுவுங்கள். கழுவியும் ஏறாவிட்டால் குற்றம் வேறிடத்தில்: அணில் கடித்த வயர், தூசி அடைத்த இன்வேட்டர் விசிறி, புதிதாக வளர்ந்த மரக்கிளையின் நிழல். ஐப்பசி இடிமின்னலுக்கு முன் மின்னல் காப்புக் கருவியின் சிறு சாளரத்தையும் பாருங்கள். பச்சை சிவப்பாக மாறியிருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பனல் மேல் ஏறி நிற்பதும், அஸ்பெஸ்டஸ் சீற்றில் கால் வைப்பதும் கூடவே கூடாது. இதில் பொருத்துபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கூரை முழுவதையும் பனலால் மூடிவிட்டு இறங்கிப் போனால் வீட்டுக்காரர் எங்கே நின்று கழுவுவார்? பணம் கட்டுமுன் வரிசைகளுக்கிடையே ஒன்றரை அடி வழியும், சுவிச் நிறுத்தும் ஒழுங்கைத் தமிழில் எழுதி இன்வேட்டர் அருகே ஒட்டித் தருவதையும் கேட்டுப் பெறுங்கள்.

சோலார் திருத்துநர்கள்,
கிளிநொச்சி.