அப்பாவின் பாதத்தைக் காத்துத் தந்தவர்களுக்கு

பெருமதிப்புக்குரியீர்,

என் தந்தையின் வலது பாதத்தில் ஏழு மாதமாக ஆறாதிருந்த சர்க்கரைப் புண் சென்ற வாரம் முழுமையாக மூடிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று முன்பு ஓரிடத்தில் சொல்லப்பட்ட கால் அது.

அறுவை மருத்துவர் ஐயா, புண்ணை நுரைப்பஞ்சாலும் ஒட்டும் படலத்தாலும் மூடி, அதில் ஊறும் நீரைப் பம்பால் உறிஞ்சியெடுக்கும் எதிர்மறை அழுத்தக் கருவியை உடனே பொருத்துங்கள் என்று நாங்கள் அவசரப்பட்டபோது, செத்த சதையை அகற்றாமலும், பாதத்துக்கு இரத்தம் போகிறதா, எலும்பில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்க்காமலும் அதைத் தொடங்கக்கூடாது என்று மறுத்தீர்கள். அந்த மறுப்புக்கே என் முதல் நன்றி. 1997-இல் இம்முறையைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் லூயிஸ் ஆர்ஜென்டாவையும் அறிவியலாளர் மைக்கேல் மொரிக்வாஸையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

செவிலியர் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்தீர்கள். அப்பாவுக்கு அந்தப் பாதத்தில் உணர்வே குறைவு. ஆனாலும் புதுச்சதை பிய்ந்துவிடக்கூடாது என்று பழைய நுரைப்பஞ்சை உப்புநீரில் ஊறவிட்ட பிறகே எடுத்தீர்கள். உள்ளே ஒரு துண்டுகூடத் தங்கிவிடாதபடி, வைத்த துண்டுகளின் எண்ணிக்கையை மேலே ஒட்டும் படலத்திலேயே எழுதி, அடுத்த முறை எண்ணிச் சரிபார்த்தீர்கள். விரலிடுக்கில் காற்றுக் கசிந்து நள்ளிரவில் அலாரம் அடித்தபோது, எங்கே படலத்தை ஒட்ட வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லித் தந்தீர்கள். 125 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பம்பு இழுக்க இழுக்க, குப்பியில் சேரும் நீர் வாரந்தோறும் குறைந்ததையும், புண்ணின் அடியில் சிவந்த சதை மேலேறியதையும் நீங்கள் காட்டித்தான் கண்டோம்.

தோளில் மாட்டும் சிறு பைக்குள் அடங்கும் கருவி என்பதால், அப்பா மருத்துவமனைக் கட்டிலில் கிடக்காமல், காலை ஊன்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடிந்தது. பம்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் புண்ணின் கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். மழைநாளில் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்துகொண்டிருந்தபோது, தங்கள் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துத் தந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், வாடகைப் பாக்கிக்காகக் கருவியைத் திரும்பக் கேட்காத கடைக்காரருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அக்கா, நீங்கள் கட்டு மாற்ற வரும் பத்து மணிக்கு அப்பா இன்னும் வாசலைப் பார்க்கிறார். எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பு போட்டு நடக்கும் அவரைப் பார்க்க, கட்டுப்பை இல்லாமல் ஒரு நாள் வாருங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகள்