ஓட்டக்காரப் பிள்ளைகளும் ஒரு நல்லிணக்கப் பாடமும்

ஸ்காபரோ, ஒன்ராறியோ

அன்பின் நண்பனுக்கு,

நான் நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்தது பெரிய ஆறுதல். பாடசாலை மைதானத்துக்கு ஒருவழியாகப் புது ஓடுபாதைக் கோடுகள் கிடைத்துவிட்டன என்ற செய்தியும் அப்படித்தான். இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை. பிள்ளைகள் உள்ளரங்கில்தான் ஓடுகிறார்கள். என் முழங்கால் பழைய கதைதான், அதை விடு.

நான் பயிற்சி கொடுக்கும் ஓட்டக் கழகத்துப் பிள்ளைகள் ஓடுவதை விட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றிப் பரீட்சை எழுதுகிறார்களாமே, அது என்ன கூத்து என்று கேட்டிருந்தாய். கேலியாகக் கேட்டாலும் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் உனக்கு அந்தக் கேள்வி இயல்பானதே என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் துடைத்தெறிவதே அதன் நோக்கம். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் அவற்றுக்குள் போனார்கள், ஆயிரக்கணக்கானோர் திரும்பவேயில்லை. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில், அதாவது நானும் என் மனைவியும் இங்கு வந்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில். 2008 இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பூர்வகுடி நீதிபதியான மறி சின்கிளேயரின் தலைமையில் ஊர் ஊராகப் போய் 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டது.

ஆணைக்குழு என்றதும் நீ முகத்தைச் சுளிப்பாய். அறிக்கைகள் அலுமாரியில் தூங்குவதை நாம் இருவரும் கண்டவர்கள்தாம். ஆனாலும் 2015 இல் இவர்கள் வெளியிட்ட 94 செயற்பாட்டு அழைப்புகளில் 87 முதல் 91 வரையான ஐந்து விளையாட்டைப் பற்றியவை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. பூர்வகுடி விளையாட்டு வீரர்களின் வரலாற்றைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. விளையாட்டுத்துறையில் இனவெறிக்கு எதிரான விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்பது இன்னொன்று. விளையாட்டு அமைப்புகளும் கழகங்களும் பயிற்றுநர்களையும் பிள்ளைகளையும் இணையவழிப் பாடநெறிகளுக்கு அனுப்பத் தொடங்கியதற்கு இவையே வேர். எங்கள் கழகத்திலும் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் ஒரு பாடநெறியை முடிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

பாடம் என்றால் சின்னச் சின்னக் காணொளிகள், நடுநடுவே வரைபடங்கள், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்தாறு கேள்விகள், எல்லாம் முடிந்தால் பெயர் அச்சிட்ட சான்றிதழ். எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் அல்லவா? பேருந்தில் வரும்போதே கைபேசியில் காணொளியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கேள்விகளுக்கு மட்டும் பதில்களைத் தட்டி, சான்றிதழை எனக்கு அனுப்பிவைத்தார்கள். வதிவிடப் பள்ளி என்றால் என்னவென்று ஒருவனிடம் கேட்டேன். “விடுதிப் பள்ளிதானே கோச், ஹொக்கி எல்லாம் விளையாடுவார்கள்” என்றான். நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவன் அவன். பிழை அவனுடையதல்ல, வேகமாக முடிப்பவனே வெல்வான் என்று வாரம் நான்கு நாள் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாங்கள்தாமே.

ஆகவே குளிர்காலத்தில் உள்ளரங்கு கிடைக்காத மாலைகளில் சமூக நிலையத்தின் சிறிய அறையொன்றைக் கேட்டு வாங்கினோம். பாடத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, எல்லோரும் சேர்ந்திருந்து, பகுதிக்குப் பகுதி நிறுத்திப் பேசுவது என்று ஏற்பாடு. பாடநெறியின் ஒழுங்கை விட்டு, நான் ரொம் லோங்போற்றிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெயரில் மோல்வர்ன் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் சிலர் அங்கே படித்தவர்கள். அத்தனை வருடம் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்து போனவர்களுக்கு அவர் ஓர் ஓட்டக்காரர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

லோங்போற் கிராண்ட் நதியோரத்துச் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி நிலத்தில் பிறந்த ஒனொண்டாகா இனத்தவர். பிராண்ட்பேட்டிலுள்ள மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பள்ளியில் சிறுவயதில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பியோடி, ஒருமுறை பிடிபட்டு, மறுமுறை தன் மாமன் வீட்டில் ஒளிந்துகொண்டவர். 1907 ஏப்ரலில் பொஸ்ரன் மரதனில் 2 மணி 24 நிமிடம் 24 செக்கன் ஓடி, பழைய சாதனையை ஏறத்தாழ ஐந்து நிமிடத்தால் முறியடித்தார். அன்றைய பாதை இன்றைய மரதனைவிடக் குறைந்த தூரம் என்பதை நான் சொல்லுமுன் ஒரு பிள்ளை கைபேசியில் தேடிப் பிடித்துவிட்டாள்; அப்படியும் அந்த ஐந்து நிமிடத்தை அவர்களால் நம்ப முடியவில்லை. ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று ஓடுகிறவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் பயிற்றுநர்களாகிய நமக்கு முக்கியம். லோங்போற் ஒருநாள் கடுமையாக ஓடுவார், இன்னொரு நாள் நெடுந்தூரம் நடப்பார், மற்றொரு நாள் பேசாமல் ஓய்வெடுப்பார். நீயும் நானும் இன்று பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும் பயிற்சி அட்டவணை அதுவேதான். அன்றைய முகாமையாளர்களும் பத்திரிகைக்காரர்களும் அதைப் பார்த்து, ‘சோம்பேறி இந்தியன், சொல்வழி கேளான்’ என்று எழுதித் தள்ளினார்கள் (பூர்வகுடிகளை அன்று இந்தியர் என்றே அழைத்தார்கள்). வெள்ளையர் ஒருவர் அதே முறையைக் கையாண்டிருந்தால் விஞ்ஞானம் என்றிருப்பார்கள் என்று பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி சொன்னாள். இனவெறி என்ற சொல்லுக்குப் பாடத்தில் நீளமான வரைவிலக்கணம் இருந்தது. அதை நாங்கள் பிறகு வாசிக்கவேயில்லை.

முதலாம் உலகப் போரில் பிரான்ஸில் செய்தி கொண்டோடும் வீரராக இருந்ததும், இறந்துவிட்டார் என்று தவறாக அறிவிக்கப்பட்டு மனைவி மறுமணம் செய்துகொண்டதும், பின்னாளில் ரொறன்ரோ நகரசபையில் தெரு துப்புரவுப் பணியில் இருந்ததும் அவர் கதையின் மிச்சம். தெரு துப்புரவு என்றதும் பிள்ளைகள் ஐயோ என்றார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பத்தைக் காத்த மனிதரைப் பார்த்து எதற்கு ஐயோ என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவர்களில் பாதிப்பேரின் அப்பாமார் இரவு வேலைக்குப் போகிறவர்கள்.

ஹொக்கிக் கதை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அந்தப் பையன் சொன்னதிலும் உண்மை உண்டு. வதிவிடப் பள்ளிகள் பலவற்றில் பனித்தள ஹொக்கி அணிகள் இருந்தன. 1951 இல் அப்படியொரு பள்ளி அணியை ஒட்டாவாவுக்கும் ரொறன்ரோவுக்கும் அழைத்துவந்து விளையாடவைத்துப் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் எவ்வளவு சிறப்பாக வளர்க்கப்படுகிறார்கள் என்று நாட்டுக்குக் காட்ட அந்தப் படங்கள் உதவின. அதேவேளை, அந்தப் பனித்தளத்தில் நின்ற நேரம் மட்டுமே தங்களுக்கு மூச்சு வந்த நேரம் என்று நினைவுகூர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பூர்வகுடி வீரரான பிரெட் ஸாஸகமூஸ் டக் லேக் வதிவிடப் பள்ளியில் ஸ்கேற்றிங் பழகி, 1953–54 பருவத்தில் சிக்காகோ பிளாக் ஹோக்ஸ் என்ற தொழில்முறை அணிக்காக 11 ஆட்டங்கள் ஆடினார். அதே பள்ளியில் தனக்கு நேர்ந்த கொடுமைகளைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். விளையாட்டு பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று மேடைக்கு மேடை பேசுகிற எனக்கு, ஒரே பனித்தளம் காவலாகவும் காட்சிப்பொருளாகவும் இருந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் முன்னால் சொல்வது கடினமாகத்தான் இருந்தது. சொன்னேன். கேள்விப் பட்டியலில் இதற்குச் சரி, பிழை போட இடமில்லை.

இதற்காக இணையவழிப் பாடமே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் குழுவில் பூர்வகுடிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் ஓடுகிறது. இப்படியொரு திரை இல்லாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? எல்லோரும் அந்தப் பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவே எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஓட வந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சுமை! திரையில் முதியவர்கள் தங்கள் வாயால் தாங்களே சொல்லும்போது அந்தப் பிள்ளை மற்றவர்களைப்போல் சும்மா இருந்து கேட்கலாம், விரும்பினால் எழுந்து வெளியே போகலாம். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அவர்களுடைய துயரத்தை என் குரலில் சொல்வதைவிட அவர்கள் பதிவு செய்து தந்ததைப் போட்டுக்காட்டுவதே முறை. என் முறைப்பாடெல்லாம், இத்தகைய காணொளியை ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்குத் தனியே பார்த்துக் கலங்கினால் அருகில் ஆள் இல்லை என்பதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் கழகங்கள் கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகின்றன என்பதும்தான்.

பெற்றோர் ஒருவர் வந்து, “நாங்கள் 83க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், எவரோ செய்ததற்கு என் பிள்ளை ஏன் அண்ணை பாடம் படிக்க வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இந்த ரொறன்ரோ நகரின் பெரும்பகுதி 1805 இல் மிஸிஸாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பத்துச் சில்லிங்குக்கு எழுதி வாங்கப்பட்டதையும், அதற்காக 2010 இல் அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்ததையும் சொன்னேன். குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில் பூர்வகுடிகளின் உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் 2021 முதல் சேர்க்கப்பட்டிருப்பதையும், புதிதாக வந்த அவருடைய மைத்துனர் கையை உயர்த்திச் சொன்ன வார்த்தைகள் அவைதாம் என்பதையும் சொன்னேன். காணி உறுதியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையிருக்கவில்லை.

பிள்ளைகளை உண்மையில் உலுக்கியவர் வனீக் ஹோர்ன்-மில்லர் என்ற மோஹாக் பூர்வகுடிப் பெண். 1990 இல், மோஹாக் மக்களின் மயானத்தை உள்ளடக்கிய நிலத்தில் கொல்வ் மைதானத்தை விரிவாக்கப் போனதால் கியூபெக் மாகாணத்து ஓகாவில் மூண்ட மோதலின் கடைசி நாளில், தன் குட்டித் தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அவருடைய நெஞ்சில் சிப்பாயின் துப்பாக்கி முனைக்கத்தி பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 14. பத்து வருடம் கழித்து, சிட்னி ஒலிம்பிக்கில் கனடாவின் பெண்கள் நீர்ப்பந்தாட்ட அணியின் இணைத் தலைவியாக அவர் நின்றார். தன்னைக் குத்திய நாட்டுக்காக எப்படி விளையாடினார் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. அவர்களையே விவாதிக்க விட்டேன். அன்று சமூக நிலையத்துக் காவலாளி வந்து விளக்கை அணைக்கும் வரை அறையை விட்டு ஒருவரும் நகரவில்லை.

வலைக் கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லக்ரோஸ் பற்றிய பேச்சும் அப்படியே நீண்டது. அந்த விளையாட்டைத் தந்தவர்களான ஹொடனஷோனி பூர்வகுடி மக்களின் அணி, 2010 இல் தங்கள் சொந்தக் கடவுச்சீட்டைப் பிரித்தானியா ஏற்காததால் மான்செஸ்டர் உலகக் கிண்ணத்துக்குப் போக முடியாமற் போனது. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் இருக்கிறது. தங்கள் கொடியின் கீழ் ஆட இடம் தாருங்கள் என்று அவர்கள் கேட்க, தேசிய ஒலிம்பிக் குழு இல்லாதவர்கள் அமெரிக்க, கனடிய அணிகளில் சேர்ந்து ஆடலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு சொல்கிறது. 2014 இல் சுவீடனில் நடந்த, அங்கீகாரம் பெறாத நாடுகளுக்கும் மக்களுக்குமான கொனீபா காற்பந்துக் கிண்ணத்தில் தமிழீழ அணி ஆடியதை அறிந்த பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு கேட்க வேண்டுமா? அவர்களை அமைதிப்படுத்தவே எனக்கு நேரம் சரியாகப் போயிற்று.

அடுத்த பருவத்திலும் பாடத்தைக் கட்டாயமாக்குவதா என்று கழகத்தில் பேச்சு நடக்கிறது. கேள்விகளையும் சான்றிதழையும் விட்டுவிடுவோம், சேர்ந்திருந்து பார்ப்பதை மட்டும் கட்டாயமாக்குவோம் என்பது என் கட்சி. செயலாளருக்குப் பிடிக்கவில்லை; மேலிடத்துக்குக் காட்ட எண்ணிக்கை வேண்டும் என்கிறார். லோங்போற் தப்பியோடிய பள்ளி எரிந்துபோனபின் 1904 இல் எழுப்பப்பட்ட கட்டடம் இடிக்கப்படாமல் வுட்லண்ட் பண்பாட்டு நிலையத்தின் பொறுப்பில் இன்றும் நிற்கிறது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெயில் வந்ததும், பெற்றோரும் சேர்ந்து வருவதாக இருந்தால், பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போக எண்ணியிருக்கிறேன்.

நீ சொன்ன ஓய்வுநாள் அட்டவணையைத் தபாலில் போடாமல் படமெடுத்து அனுப்பு, 800 மீற்றர் பிள்ளைகளுக்கு உடனே தேவைப்படுகிறது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்