சனிக்கிழமை கோடிங் வகுப்பு: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நான்கு சனிக்கிழமைகள் நம் பள்ளி ஹைடெக் லேபில் நடந்த கோடிங் வகுப்பை, அதாவது கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதப் பழக்கும் வகுப்பைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். பள்ளி வாசலில் கேட்டார்கள், போனில் கேட்டார்கள், ஒரு அம்மா காய்கறிக் கடையில் நிறுத்திக் கேட்டார். கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு சர்டிபிகேட் தருவாங்களா டீச்சர்?" தர மாட்டார்கள். தேர்வு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அப்புறம் எதற்கு என்று கேட்பீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், படித்துவிடுங்கள்.

முதலில், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி வேலை பார்க்கிறவர்கள் ஐந்து பேர், இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர். ஒருவரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. சென்னைக்கு இது புதிதும் இல்லை, லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் லினக்ஸ் பயனர் குழு மாதிரி ஆட்கள் பல வருடங்களாக மாதாமாதம் சனிக்கிழமைகளில் கூடி, வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இப்போது நம் பள்ளிக்குள்ளும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் என் மகனை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டிச் சேர்த்தேன். அங்கே போர்டில் எழுதிப்போட்ட புரோகிராமை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, அப்படியே டைப் அடிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னேன், உட்கார்ந்தே இருந்தான், ஒன்றும் வரவில்லை. "எனக்கு இது வராதும்மா" என்று எழுந்து போய்விட்டான். அந்த வார்த்தை இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை வாயிலிருந்தும் வரக் கூடாது என்று நினைக்கிறேன். அதனால் முதல் சனிக்கிழமை நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று என இரண்டு ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். முடித்தவர்கள் மானிட்டர் மேல் பச்சையை ஒட்ட வேண்டும், எங்காவது சிக்கிக்கொண்டால் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் உதவியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். கையைத் தூக்கி, நாற்பது பேர் முன்னால் "புரியல சார்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 1998-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்களுக்காகத் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற புரோகிராமிங் பயிற்சிகளில் இப்படித்தான் செய்வார்களாம். சொல்லிக்கொடுப்பவர் முன்கூட்டியே தயார் செய்த படத்தைக் காட்டுவதில்லை. அவரும் வெற்றுத் திரையில் முதல் எழுத்திலிருந்து டைப் அடிக்கிறார், நடுவில் அவருக்கும் தப்பு வருகிறது, அதை எல்லார் முன்னாலும் படித்துச் சரிசெய்கிறார். சிவப்பு எழுத்தில் எரர் வந்தால் அழுதுவிடுகிற ஒரு எட்டாம் வகுப்புப் பெண், நான்காவது வாரம் பக்கத்துப் பையனிடம் "பயப்படாதே, கடைசி வரியைப் படி, எங்க தப்புன்னு அதுவே சொல்லும்" என்றதை என் காதால் கேட்டேன்.

அந்த முதல் சனிக்கிழமையே இன்னொன்றும் நடந்தது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று, வகுப்பில் பழகும் பைத்தான் என்ற கணினி மொழியிடம் கேட்கச் சொன்னார்கள். ஒரு பையன் 'தமிழ்' என்று கொடுத்தான், ஐந்து என்று பதில் வந்தது. நமக்கு மூன்று எழுத்துதானே? வகுப்பே சத்தம் போட்டது. அப்புறம்தான் விளக்கினார்கள், கணினியில் த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. நான் முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், உயிர்மெய்யை இப்படிப் பிரித்துப் பார்த்த அந்த ஐந்து நிமிடத்தை மறக்க மாட்டேன்.

மூன்றாவது வாரம் ஏரிக் கணக்கு. சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தினமும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலை எடுத்துப் பிள்ளைகளே கம்ப்யூட்டரில் வரைபடக் கோடு வரைந்தார்கள். 2019-இல் கோடு தரையில் படுத்துக் கிடக்கிறது. குடத்தோடு லாரிக்காக நின்ற வருடம், உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெண் பட்டியலில் ஐந்து ஏரி வருகிறது என்று முதலில் சொன்னாள். பார்த்தால், ஒரு பக்கம் 'புழல்' என்றும் இன்னொரு பக்கம் 'ரெட்ஹில்ஸ்' என்றும் எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஒரே ஏரி, கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? டேட்டா சயின்ஸ், அதாவது தகவல்களைக் கம்ப்யூட்டரில் அலசிப் பார்க்கும் வேலையில் பாதிக்கு மேல் இப்படித் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் என்றார் சொல்லிக்கொடுத்தவர். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி என்று பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

கடைசி வாரம் ஒரு மாணவியின் அம்மா வந்தார். மீன் வறுத்து விற்கிறார், தினசரி வரவை நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மகள் அதை வரிவரியாக ஏற்றி, வாரவாரியாகக் கூட்டிக் காட்டினாள். "புரட்டாசியில ஓடாதுன்னு தெரியும், எவ்வளவு குறையுதுன்னு இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்" என்று சொல்லி, அடுத்த வருடம் அந்த மாதத்துக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று அங்கேயே மகளோடு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். சர்டிபிகேட் கேட்டவர்களுக்கு நான் காட்ட நினைப்பது இந்த நோட்டைத்தான்.

வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு ஆரம்பித்திருக்கிறது, ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுதாமல் அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு வழியாகச் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தலையில் அதை இப்போதே ஏற்றி வைக்காதீர்கள்.

எனக்கு மனசு கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் வாரம் பதினான்கு பெண்கள் வந்தார்கள், நான்காவது வாரம் ஆறு பேர்தான். விசாரித்தேன். சனிக்கிழமைதான் துணி துவைக்கிற நாள், தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை, லேப்பில் பையன்களோடு எதற்கு உட்காரணும் என்று அப்பா சொல்லிவிட்டார். பையன்களை யாரும் இப்படி நிறுத்தவில்லை. தம்பி, தங்கையைக் கூட்டிக்கொண்டு வரட்டும், நூலக அறையைத் திறந்துவைக்கிறோம், பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் இருப்பார். துணியை ஞாயிற்றுக்கிழமை துவைக்கலாம். லேப்பைப் பற்றிச் சந்தேகம் இருக்கிற அப்பாக்கள் நேரில் வந்து பின்னால் உட்காருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

அடுத்த சுற்று வரும் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கும், பன்னிரண்டரைக்கு முடியும், ஆறு வாரம். லேப்டாப் வாங்க வேண்டாம், யாராவது வாங்கச் சொன்னால் என்னிடம் சொல்லுங்கள். வீட்டில் பழக, பிரவுசரிலேயே புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாப் போதும், உங்கள் போனிலேயே திறக்கும், அதனால் ராத்திரி அரை மணி நேரம் போனைக் கொடுங்கள். இந்த முறை பெற்றோருக்கும் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, ஆட்டோ வசூல், கரண்ட் பில் என்று வீட்டில் எது இருந்தாலும் அந்த நோட்டோடு வாருங்கள்.

கீழே உள்ள சீட்டைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மகளை அனுப்ப முடியாது என்றால் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போன் செய்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்