மற்ற வீட்டுப் பத்திரங்களை ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஃபிளாட் அசோசியேஷன் பேப்பரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் மற்ற வீட்டுப் பத்திரத்தையெல்லாம் கேட்கிறார்கள், பில்லை ஏற்றத்தான்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. எத்தனை பத்திரம் தந்தாலும் எங்களிடம் கட்டணம் ஒன்றுதான்.

சென்னை ஃபிளாட்டின் கிரயப் பத்திரத்தில் ஏ ஷெட்யூல் என்ற சொத்து விவரப் பகுதி மொத்த மனை, பி ஷெட்யூல் அந்த மனையில் உங்கள் பிரிபடாத பாகம், அதாவது யூடிஎஸ். இரண்டு கிரவுண்டு மனை, 4,800 சதுர அடி, 12 வீடு என்று வையுங்கள். பன்னிரண்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினால் 4,800 வரவேண்டும். 4,500தான் வந்தால் மீதி 300 இன்னும் மனைக்காரர் பெயரிலோ பில்டர் பெயரிலோ நிற்கிறது. நாளைக்கு மொட்டை மாடியில் உரிமை கேட்டு வர அந்த 300 போதும். 4,800-ஐத் தாண்டினாலும் வம்புதான், இல்லாத நிலத்தை யாருக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஒரு பத்திரத்தை நூறு தடவை படித்தாலும் இது தெரியாது. கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் போதும் என்கிற 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தபின் இந்தக் கணக்கை விடவே முடியாது. முழுப் பத்திரம் வேண்டாம், பி ஷெட்யூல் பக்கம் போதும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் தவறு.

பைலாவுக்கு, அதாவது அசோசியேஷன் விதிகளுக்கு, செயலாளர் அனுப்பும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான அசோசியேஷன் என்றால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பொதுக்குழுவில் கைதட்டி மாற்றிய விதி அங்கே தாக்கலாகாமலே கிடப்பதுண்டு. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கா, வீட்டுக்குச் சமமாகவா என்ற சண்டை பெரும்பாலும் இரண்டு நகலுக்கும் நடுவில்தான் கிளம்புகிறது.

பில்டர் தந்த பார்க்கிங் அலாட்மென்ட் லெட்டரை உரிமைப் பத்திரமாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை என்று சிலருக்கு வருத்தம். ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவில் வண்டி நிறுத்தும் இடத்தை, தனியாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. எங்களைக் கோபித்து என்ன பயன்?

மாடி மாடியாக ஏறி பன்னிரண்டு வீட்டுப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, வீட்டு எண் வரிசையில் அடுக்கிக் கொண்டுவந்து தந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்த வேலை நடக்கிறது.

கணக்குப் போடும் ஊழியர் ஒருவர் விலகியதால் அறிக்கை தர நான்கு நாளுக்குப் பதில் ஒன்பது நாள் ஆகும். அடுத்த மாதம் முதல் கட்டணம் 1,800 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்.

இப்படிக்கு,
உரிமையாளர்