காரை இன்னும் விற்கவில்லை

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினா, கொழுக்கட்டையும் அவித்தா. மற்றச் செய்திகளை அவவே சொல்லட்டும். நீ இங்கே விட்டுவிட்டுப் போன காரைப் பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

"அதை வித்துப்போடுங்கோ அப்பா" என்று சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. சரி, விற்பதென்றாலும் பெயின்டை வடிவாக்கித்தான் காட்ட வேண்டும் என்று தொடங்கினேன். கீறலைத் தேய்த்தெடுத்து மினுக்குகிற 'கட் அண்ட் பொலிஷ்' செய்ய வெளியே கொடுக்க மனம் வரவில்லை. போன முறை கொடுத்த இடத்தில், நிலத்தில் விழுந்த ஸ்பொஞ்சை அலசாமலே எடுத்துத் திரும்பவும் கதவில் தேய்த்தார்கள். கறுப்புக் காருக்கு அது போதும். வெயிலில் நிறுத்தினால் பொனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். அதுதான் வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், டொரொன்டோவில் உன் காருக்கும் இதுதான். காய்ந்த தூசியைத் துணியால் துடைக்காதே. எவ்வளவு மெல்லிய துணியானாலும் துடைக்காதே. தண்ணீர் அடித்து மண் போன பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளி வை, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் வேண்டாம், பூசிய வெக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மைக்ரோபைபர் துவாயை மற்ற உடுப்புகளோடு தோய்க்காதே, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பெயின்டுக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் பூச்சு, கிளியர் கோட், 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரை விட மெல்லியது. ஒவ்வொரு முறை பொலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் சீவுப்படும். போனது திரும்ப வராது.

இரும்புத்தூளைக் கரைக்கும் ஸ்பிரே ஒன்று பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்தேன். அதை அடித்ததும் நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். காரின் கடல் பக்கக் கதவு இரண்டிலும் ஊதா நிறக் கோடுகள் கிளம்பி, கைபிடிக்குக் கீழால் வழிந்து நிலத்தில் சொட்டின. காலி வீதிப் பக்கக் கதவில் ஒன்றிரண்டு புள்ளிகள்தான். எல்லாம் ரயில் பாதையின் வேலை. ரயில் பிரேக் பிடிக்கும்போது பறக்கிற இரும்புத்தூள் சூடாக வந்து பெயின்டில் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கிறது. ஸ்டேஷனில் நிற்கிற ரயில் எல்லாம் எங்கள் ஒழுங்கைக்கு நேரேதானே பிரேக் போடுகிறது. இத்தனை வருடம் கடல் உப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மருந்து அழுகின முட்டை நாற்றம். அம்மா யன்னலைச் சாத்திவிட்டா.

பிறகு கிளே, பெயின்டில் ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கிற களி. ஒரு பொலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பொனட்டைத் தடவிப் பார். வெறுங்கைக்கு வழுவழுப்பாக இருக்கிற இடம் பையோடு தடவினால் நெறுநெறு என்று தட்டுப்படும். அந்த நெறுநெறுப்புப் போகும் வரை ஷாம்புத் தண்ணீர் விட்டுக்கொண்டு கிளேயை மெல்ல இழுக்க வேண்டும். நிலத்தில் விழுந்தால் அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டும், பாவம் பார்க்கக்கூடாது.

பொலிஷை எடுத்த எடுப்பில் முழுப் பொனட்டிலும் போடவில்லை. மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சாண் சதுரத்தில்தான் பார்த்தேன். மெல்லியதில் தொடங்க வேண்டும், அதற்குப் போகாத கீறலுக்குத்தான் கரடான கொம்பவுண்ட். இதில் ஒரு விஷயம் இருக்கிறது தம்பி. சில பொலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் இறங்கி நிரம்பி நிற்கும். பார்க்கிறவர்கள் புதுக் கார் என்பார்கள். ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் உள்ளது தெரியும். நான் வாங்கியவற்றில் விலை கூடியதைத் துடைத்தபோது கீறல் அத்தனையும் அப்படியே இருந்தது. மலிவானது உண்மையாகவே எடுத்திருந்தது.

நீயும் போன் எடுக்கும்போதெல்லாம் "ஓம் அப்பா, நல்லா இருக்கிறன்" என்கிறாய். கடைசியாக எடுத்தது செவ்வாய்க்கிழமை. இங்கே இரவு 9 மணி, டொரொன்டோவில் பகல் 11.30. பின்னால் பஸ் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. அதற்கு முதல் எடுத்ததும் வேலை நாள்தான். அம்மா கவனிக்கவில்லை. லீவு எடுத்திருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே உன் கார் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் வைத்துவிட்டாய். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்களே, காரின் அடிப்பக்கத்தைக் கழுவினாயா? கழுவாமல் விட்டால் கீழிருந்து துருவேறும். கார் இருந்தால் கழுவு. காய்ந்த தூசியைத் துடைக்காதே.

வெக்ஸுக்கு வருகிறேன். பொனட்டை டேப்பால் பிரித்து ஒரு பக்கம் கார்னோபா வெக்ஸ், நடுவில் செயற்கை சீலன்ட், மற்றப் பக்கம் செரமிக் ஸ்பிரே போட்டேன். ஓர் ஓரத்தை வெறுமனே விட்டேன். கார்னோபா பிரேசில் பனையின் ஓலையில் எடுப்பது. கறுப்பில் அதன் மினுக்கத்துக்கு மற்ற இரண்டும் கிட்டவும் வராது. ஆனால் கொழும்பு வெயிலும் இந்தப் பருவக்காற்று மழையும் அதை விட்டுவைக்கவில்லை. பூச்சுப் போனால் தண்ணீர் முத்தாகத் திரளாமல் படரும், முதலில் படர்ந்தது அந்தப் பக்கம்தான். செரமிக் பக்கமும் ஒருநாள் படர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன், கழுவியதும் திரும்ப முத்து முத்தாக நின்றது. மேலே அழுக்கு மூடியிருந்திருக்கிறது, கீழே பூச்சு அப்படியே இருந்தது. காகம் எச்சமிட்டால் மட்டும் எந்தப் பூச்சையும் நம்பக்கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பெயின்டில் தழும்பு விழுந்துவிடும்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்பியிருந்தாய். இரண்டு வார்த்தை கதைத்திருக்கலாம். அவ எல்லாருக்கும் அந்தப் படத்தைக் காட்டினா, அது வேறு விஷயம். உன்னில் எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. முதல் சம்பளத்தோடு லீசிங் எடுத்து, ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தாய். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் கிடந்து, முறை வந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் பெரியப்பாவை டயலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போனாய். பெரியம்மா இன்றும் அதைச் சொல்லுவா. அந்தக் காரைத்தான் விற்கச் சொல்கிறாய்.

புரோக்கர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போனார். இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்து விலை இப்போது இல்லையாம், 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்களே. கார் உன் பெயரில் இருக்கிறது, மாற்றுவதென்றால் உன் கையெழுத்து வேண்டும். வேறொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. விற்கத்தான் வேண்டுமென்றால் நீ வந்து கையெழுத்து வை. டிக்கட் நான் போடுகிறேன்.

காசு தேவையென்றால் கார் என்ன விலைக்குப் போகும் என்று கேட்காதே, எவ்வளவு வேண்டும் என்று என்னிடம் கேள். வங்கியில் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். வேலை விஷயம் என்றாலும் சொல். வேலை போகிறதும் வருகிறதும் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான், அதற்காக ஒளிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை நாள், லீவு நாள் என்று பார்க்காமல் எடு. விடிய 5 மணிக்கே எழும்பிவிடுகிறேன், போன் கீழே கார் விடும் இடத்திலும் என்னோடுதான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா