யாழினிக்கு: முங்கி எழுந்த பிறகு மணலுக்கும் போ

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். எட்டு நாள், எட்டும் எகிப்தின் செங்கடல் கரை ஊரான ஹுர்கதாவில், தினம் இரண்டு முறை கடலுக்குள். கடைசியில் ஒரு வரி: "மணலைப் பார்க்க ஏன் சித்தி அலையணும்?" அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். புதுச்சேரியில் ஸ்கூபா பழகிவிட்டு அடுத்தது செங்கடல் என்று கிளம்பும் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஐப்பசி மழையில் பூம்புகார் முகத்துவாரத்தில் நீயும் நானும் நின்றது நினைவிருக்கிறதா? கடல் வெகு தூரத்துக்குப் பழுப்பாகக் கிடந்தது. அது அழுக்கு இல்லை, வண்டல். அந்த வண்டல்தான் நமக்குச் சோறு. ஆனால் அதில் முங்கினால் நீட்டிய கை தெரியாது. செங்கடலில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை. மழையும் அபூர்வம். சேறு கொண்டுவர யாரும் இல்லாததால்தான் நல்ல நாளில் 20, 30 மீட்டர் தள்ளியிருக்கும் பவளப்பாறைகூடத் தெளிவாகத் தெரிகிறது. வெயில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்க, உப்பும் ஏறிவிடுகிறது. மற்ற கடல்களில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்றால் அங்கே 40 கிராம். நம் பக்கத்துக் கணக்கில் ஈயம் கட்டிக்கொண்டு இறங்கினால் உடம்பு கீழே போகாது. எனக்கு முதல் நாள் இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டினார்கள். நீயும் முதலிலேயே சொல்லிவிடு.

ஆக, நீ ஆசைப்படும் அந்தக் கண்ணாடித் தண்ணீரை அப்படி வைத்திருப்பதே பக்கத்தில் இருக்கும் பாலைவனம்தான். அதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பாதிப் பயணமாகத் தோன்றுகிறது.

ஹுர்கதாவில் இரண்டு நாள் போதும். அப்புறம் தெற்கே இறங்கி குசைருக்குப் போ. ஊருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன விரிகுடா, பெயர் அல் காதிம். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், படகு வேண்டாம். எனக்கு அதுதான் பிடித்தது. மணல் சரிவில் மெல்ல இறங்க இறங்கப் பக்கத்தில் பவளச் சுவர் எழுந்துகொண்டே வரும். நீலப் புள்ளித் திருக்கை மணலில் பாதி புதைந்து கிடக்கும். அதன்மேல் காலை வைத்துவிடாதே, வாலில் முள் இருக்கிறது.

முங்கி எழுந்து, உடை மாற்றிக்கொண்டு, அந்தக் கரைக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குப் போய்ப் பார். பெரிதாக ஒன்றும் தெரியாது. சில சுவர்கள், மணல், தூர்ந்துபோன பள்ளம். ஆனால் அந்தப் பள்ளம்தான் ரோமர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். காலிச் சாடிகளை அடுக்கிப் புதைத்து அதன்மேல் கரை கட்டியிருக்கிறார்கள். ஜூலை வாக்கில் கிளம்பும் கப்பல் தென்மேற்குக் காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு வரும். வாடைக்காற்று தொடங்கியதும் திரும்பும்.

அங்கே தோண்டியபோது தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. இரண்டில் ஆள் பெயர்: கணன், சாதன். இன்னொன்றில் 'பானை ஒறி' என்று இருந்ததைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். உறி, யாழினி! உங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் பூனைக்கு எட்டாமல் தயிர்ப்பானை தொங்குமே, அதே உறி. பாட்டியும் 'ஒறி' என்றுதான் சொல்வார். சுமார் 2,000 ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர், பாட்டி பேசுகிற மாதிரியே அந்தச் சொல்லைப் பானையில் கீறி வைத்திருக்கிறார். அந்த மேட்டில் நின்று இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் தெற்கே பெரெனிகே என்ற துறைமுகத்தில், கோயில் தரையில் புதைத்திருந்த இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அது சேரநாட்டு முசிறிப் பக்கம் ஏறிய மிளகாகத்தான் இருக்கும், நம் ஊர் மிளகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தரைவழியே மிளகு மூட்டை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதில் ஒரு மணிகூட நமக்கு மிஞ்சவில்லை. 1960களில் பூம்புகார்ப் பக்கத்துக் கீழையூரில் தோண்டியபோது கிடைத்த செங்கல் படகுத்துறையும் மரத்தூணுமே பெரிய அதிர்ஷ்டம். நம் ஈர மண் விளைவிக்கும், ஆனால் வைத்த பொருளைச் செரித்துவிடும். நாம் தொலைத்ததில் கொஞ்சத்தை அந்த வறண்ட மணல் பத்திரமாக வைத்திருக்கிறது. மணலில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே, இதுதான் இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். கடலை முதலில் வை, பாலைவனத்தைப் பின்னால் வை. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து குமிழியாகிவிடும், மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். கடைசியாக முங்கி ஒரு முழு நாளாவது கழிய வேண்டும். எனக்குச் சீட்டு போட்டவர் இது தெரியாமல், கடைசி முக்குளிப்பு நாளன்றே சாயங்கால விமானத்தில் போட்டுவிட்டார். அன்றைய கடலை நான் விட வேண்டியதாயிற்று. நீ முங்காமல் விடும் அந்த ஒரு நாளை குசைர் மேட்டுக்கும் ஊருக்குள் இருக்கும் துருக்கியர் காலக் கோட்டைக்கும் கொடு. மறுநாள் மலைப்பாதையில் காரில் கிளம்பு, மலை ஏறுவதற்கும் அதே எச்சரிக்கைதான்.

அந்தச் சாலை வாடி ஹம்மாமாத் என்ற வறண்ட பள்ளத்தாக்கு வழியாக நைல் கரைக்குச் சுமார் 180 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ஒட்டகத்தில் ஆறேழு நாள். வழியில் பாறை முழுக்க எகிப்தியர் வெட்டிய எழுத்து, குன்றுகளின் மேல் ரோமர் காவல்கோபுரம். அனுமதி, சோதனைச்சாவடி விவரத்தை முதல் நாளே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள். பிறகு நைல் கரை ஊரான லக்சர். கர்னாக் கோயிலையும் அரசர் பள்ளத்தாக்கையும் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? மேற்குக் கரையில் கரும்புக் கொல்லை முடியும் வரப்பில் மட்டும் ஒரு நிமிஷம் நில். ஒரு கால் பச்சையில், ஒரு கால் மணலில் இருக்கும். தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு அது புரியும்.

மாசியில் போ. கடல் கொஞ்சம் குளிரும், ஐந்து மில்லிமீட்டர் உடை கேட்டு வாங்கு. வெயிலும் தாங்கும், இங்கே அறுவடையும் முடிந்திருக்கும்.

கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாயவரம் வந்துவிட்டுப் போ. பாட்டியின் உறி பரணில்தான் இருக்கிறது, இறக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தி